தோட்டத்துப் பறவைகளுக்கு வளையம்: முதல் குளிர்காலம் வீணானது எப்படி

குளிர்காலத்தில் தோட்டத்துக்கு வரும் பறவைகள் அடுத்த ஆண்டும் திரும்புகின்றனவா என்று அறிய, அவற்றைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்ட இறங்கினோம். அனுமதி விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. வளையமிட ஒரு ஒப்புதல், மிஸ்ட் நெட் (பறவை பிடிக்கும் மெல்லிய நூல் வலை) விரிக்கத் தனியாக ஒன்று, பிடிக்காமலே தூரத்திலிருந்து அடையாளம் காண உதவும் நிற வளையத்துக்கு இன்னொன்று, பயிற்சி கொடுத்தவரின் கடிதம் வேறு. இதை முதல் தடவையே சொல்ல அலுவலகத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டுவிடுங்கள். வலசைப் பறவை உங்கள் கோப்புக்காகக் காத்திருக்காது.

வலை சுலபம். 12 மீட்டர் நீளம், 30 மி.மீ. கண்ணி, பின்னணியில் அடர்ந்த புதர், வெயில் படாத இடம். காற்று எழுந்தால் சுருட்டிவிட வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், கடுங்குளிரில் இன்னும் அடிக்கடி. பறவை எந்தப் பக்கமாக விழுந்ததோ அந்தப் பக்கம் நின்று, கால்களை முதலில் விடுவியுங்கள். எல்லாம் கழன்றும் தலை வரவில்லையென்றால் அலகுக்குள் பாருங்கள்: நாக்கின் பின்புற முள்ளில் நூல் சிக்கியிருக்கும். பல்குத்தியால் மெல்லத் தள்ளினால் போதும். இழுத்தீர்களோ, நாக்கு கிழிந்துவிடும்.

வளையத்தை பிளையரின் சரியான துளையில், வளையத்தின் திறந்த இடைவெளி பிளையரின் வாய்ப்பக்கம் பார்க்க வைத்து அழுத்துங்கள். பிறகு வளையத்தை நான்கில் ஒரு பங்கு வட்டம் திருப்பி மறுபடி ஓர் அழுத்து. முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அதைக் கழற்றுவதுதான் இருப்பதிலேயே பயங்கரமான வேலை. மெல்லிய கால் ஒடிந்துவிடும். காலின் தடிமனை அளவுமானி வைத்துப் பார்க்காமல் வளையம் எடுக்காதீர்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு நாங்கள் கோட்டைவிட்டது நோட்டில். வளைய எண்ணில் 3-ஐ 8 என்று எழுதியிருக்கிறோம். அடுத்த குளிர்காலம் அதே பறவை திரும்பியபோது, ஏட்டில் அந்த எண்ணே இல்லை! ஒருவர் வளைய எண்ணைப் படிக்க, மற்றவர் எழுதி உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், பறவையைப் பறக்கவிடும் முன்பே.

வலை எத்தனை மணி நேரம் விரிந்திருந்தது என்றும் குறிக்கவில்லை. ஒரு வலை ஒரு மணி நேரம் விரிந்தால் ஒரு வலைமணி. அது இல்லாமல் இந்த ஆண்டு ஐந்து பறவை, போன ஆண்டு மூன்று என்பதற்கு அர்த்தமே கிடையாது.

ஒருமுறை மாட்டிய பறவை அந்த இடத்தை நினைவில் வைத்துச் சுற்றிப் போகும். அகப்படவில்லை என்பதால் திரும்பவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நிற வளையத்துக்குப் பட்ட பாடு இங்கேதான் பலித்தது: மேலே சிவப்பு, கீழே மஞ்சள் போட்ட ஒன்று தினமும் தீனித்தட்டில் உட்கார்ந்து தின்றது. வலையில் அந்தப் பருவம் முழுக்க ஒருநாளும் விழவில்லை.