பதினைந்தும் பதினேழும்: தங்கைக்குத் துணையிருந்த நாட்குறிப்பு

மே 9, 2023, செவ்வாய்

தங்கையை இன்று மதியம் மருத்துவமனையில் சேர்த்தோம். பத்து நாளாகவே பல் துலக்கும்போது வாஷ்பேசினில் ரத்தம் விழுந்திருக்கிறது. ஈறு வீக்கம் என்று கிராம்புத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. பீரோ இடித்திருக்கும் என்றாள். மாதவிலக்கும் நிற்கவில்லை. முதலில் பார்த்த கிளினிக்கில் ஈறுக்கு மாத்திரையும் சோகைக்கு டானிக்கும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை எழுதித் தரவில்லை. அதில் ஆறு நாள் போய்விட்டது. அந்த ஆறு நாளை நினைத்தால் வயிறு எரிகிறது.

நேற்று நானே லேபுக்கு அழைத்துப் போனேன். ரத்தம் உறைய உதவும் தட்டணு 14,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. வெள்ளை அணு 2,300. லேபில் இருந்தவரே இரவு போன் செய்து, “டீச்சர், இதை நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வச்சிராதீங்க” என்றார். அவருக்குக் கோடி புண்ணியம்.

பள்ளி விடுமுறை. நானே துணைக்கு இருக்கிறேன். அவளுடைய நாலு வயதுப் பெண் எங்கள் அம்மாவிடம்.

மே 10, புதன்

விலங்கியல் ஆசிரியை என்று சொன்னதும் டாக்டர் என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். தங்கையின் ரத்தம். பெரிய ஊதா அணுக்கள், உள்ளே மணல் அள்ளிப்போட்டது போல் துகள்கள். ஒரே ஒரு அணுவைக் காட்டி, “நடுவில் பாருங்க” என்றார். மெல்லிய சிவப்பு ஊசிகள், பத்துப் பதினைந்து இருக்கும், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. விறகுக்கட்டு. மருத்துவத்திலும் அந்த அணுவுக்கு விறகுக்கட்டு என்ற பொருளில்தான் பெயராம்.

அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. சுருக்கமாக ஏ.பி.எல். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. வெள்ளை அணுவாக வளர வேண்டியவை பாதி வளர்ச்சியிலேயே நின்று பெருகுகின்றன. அந்தத் துகள்கள் ரத்தம் உறையும் கணக்கையே குலைத்துவிடுகின்றன. முதல் சில நாளில் மூளையில் ரத்தம் கசிந்து இறப்பதுதான் இந்த நோயில் பெரிய பயம். அதனால் மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. சந்தேகம் வந்த உடனே மாத்திரை தொடங்கியாயிற்று: ஆட்ரா, காலையில் 4, இரவில் 3. வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. கூடவே தட்டணுப் பையும், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் உள்ள கிரையோவும் ஏறுகின்றன. பிரஷ் கூடாது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

மே 12, வெள்ளி

ஃபிஷ் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒரு மரபணுவுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை என்று ஒளிரும் சாயம் ஒட்டிப் பார்க்கும் சோதனை. தனித்தனியாக இருக்க வேண்டிய சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகத் தெரிந்தன. 15ஆம் குரோமோசோமிலும் 17ஆம் குரோமோசோமிலும் ஒவ்வொரு துண்டு உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 15இல் இருந்த பி.எம்.எல். மரபணுவும் 17இல் இருந்த ஆர்.ஏ.ஆர்.ஏ. மரபணுவும் இணைந்து ஒன்றாகிவிட்டன.

17 வருஷமாகப் பிளஸ் டூவுக்குப் படியெடுத்தல் பாடம் எடுக்கிறேன். டி.என்.ஏ.வில் இருப்பது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும் என்று பலகையில் அம்புக்குறி போடுவேன். எந்த அணுவில் எது எப்போது படியெடுக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் புரதங்களும் உண்டு என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இன்று அந்த ஒரு வரி என் தங்கையின் படுக்கையில் கிடக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் குளத்து மடைக்கு ஒரு ஆள் இருப்பார். முறை வந்தால் திறப்பார், இல்லையென்றால் அடைத்து வைப்பார். ஆர்.ஏ.ஆர்.ஏ. மரபணு தரும் புரதம் அப்படிப்பட்ட ஆள். வெள்ளை அணுவை முதிர வைக்கும் மரபணுக்களின் வாசலில், டி.என்.ஏ.மேலேயே உட்கார்ந்திருக்கும். வைட்டமின் ஏ.யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் வந்து தொட்டால், அடைத்துப் பிடிக்கும் புரதங்களை விட்டுவிட்டுத் திறக்கும் புரதங்களைச் சேர்த்துக்கொள்ளும். படியெடுத்தல் தொடங்கும், அணு முதிரும். பி.எம்.எல். துண்டு ஒட்டிக்கொண்ட பிறகு அந்த ஆளின் பிடி இறுகிவிடுகிறது. உடம்பில் சாதாரணமாக இருக்கும் அளவு அமிலம் போதவில்லை. மடை மூடியே கிடக்கிறது. ஆட்ரா என்பது அதே ரெட்டினாயிக் அமிலம்தான், பல மடங்கு அளவில்.

மாலையே இரண்டாவது மருந்தும் தொடங்கியது. ஆர்செனிக் டிரையாக்சைடு. எடை 56 கிலோ, கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், ஆக ஒரு நாளைக்கு 8.4. டிரிப்பில் மெதுவாக இறங்குகிறது.

மே 13, சனி

சம்பந்தி அம்மா பார்க்க வந்தார். பழம் வைத்தார், அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மரபணு நோய்னு சொல்றாங்களே டீச்சரம்மா, உங்க வழியில யாருக்காவது இருந்துச்சா? குழந்தைக்கு வருமா?” என்று கேட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சொல்லில்தான் மரபு என்று இருக்கிறதே. மரபணு என்றாலே தாத்தா, பாட்டி, குலம் என்றுதான் காதில் விழும். இதே கேள்வியை அம்மா நேற்று போனில் வேறு மாதிரி கேட்டு அழுதாள்: “நான் என்ன பாவம் செஞ்சேன், என் ரத்தத்துல வந்திருக்கே.”

யாருடைய ரத்தத்திலும் வரவில்லை. இந்த உடைப்பு தங்கை பிறந்து வளர்ந்த பிறகு, அவளுடைய எலும்பு மஜ்ஜையில், ஏதோ ஒரு அணுவில் நடந்தது. அவள் கருமுட்டையில் இல்லை. அம்மா கொடுத்ததும் இல்லை, அவள் மகளுக்குப் போவதும் இல்லை. பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறால் உண்டாகும் புற்றுநோய்களும் உண்டுதான். இது அதில் சேராது. சம்பந்தி அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை முகம் தெளிந்தது. இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால், மருந்து வாங்க ஓடுவதற்கு முன்னால் அந்த வீட்டு அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மே 15, திங்கள்

ஆர்செனிக் என்றால் என்னவென்று அம்மா கேட்டாள். வெள்ளைப் பாஷாணம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். “விஷத்தையா ஏத்துறாங்க!” என்று கத்திவிட்டாள்.

அவளுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதுகிறேன். சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தவர், 1977இல் இந்த நோயில் 15க்கும் 17க்கும் இடையே நடக்கும் மாற்றத்தைக் கண்டுபிடித்தார். ஷாங்காயில் மருத்துவர் வாங் ஜென்யி 1985இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஆட்ரா கொடுத்துப் பிழைக்க வைத்தார். 1988இல் வெளியான அவர்கள் கட்டுரையில் 24 நோயாளிகள். 23 பேருக்கு அந்த மாத்திரையிலேயே நோய் தணிந்தது. சீனாவின் வடக்கே ஹார்பினில் 1970களில் ஜாங் டிங்டாங் நாட்டு மருந்து ஒன்றிலிருந்து பாஷாணத்தைப் பிரித்து ஊசியாக்கினார். ஆட்ரா இணைந்த புரதத்தின் ஆர்.ஏ.ஆர்.ஏ. பக்கத்தைப் பிடிக்கிறது, ஆர்செனிக் பி.எம்.எல். பக்கத்தைப் பிடித்து, அந்தப் புரதத்தையே அணு சிதைத்துவிடும்படி செய்கிறது. இரண்டு பக்கமும் அடி. 2013இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் இந்த இரண்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணு அதிகம் ஏறாமல் வந்தவர்களில், இரண்டு ஆண்டு முடிவில் 97 சதவீதம் பேர் உயிரோடு, நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோவோடு ஆட்ரா வாங்கியவர்களில் 86.

அம்மாவுக்குப் பிடித்தது வேலூர்ச் செய்திதான். சி.எம்.சி.யில் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆர்செனிக் மட்டுமே கொடுத்தார்கள். மற்ற மருந்துகளின் செலவு நம் ஜனங்களுக்குத் தாங்காது என்பதுதான் காரணம். 86 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. “நம்ம வேலூரா?” என்றாள். அப்புறம் அழவில்லை. கடைப் பாஷாணத்தை இதோடு சேர்த்து யாரும் நினைத்துவிட வேண்டாம். இது தினமும் அளந்து, இ.சி.ஜி. பார்த்து, நரம்பில் ஏற்றுவது.

மே 20, சனி

நேற்று இரவு மறக்க முடியாது. காய்ச்சல் 102. மூச்சு வாங்கியது. இரண்டு நாளில் எடை 60 ஆகியிருந்தது. வெள்ளை அணு 2,300இலிருந்து 28,000. நோய் பெருகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் பதறவில்லை. மூடிக் கிடந்த மடை திறந்து, தேங்கி நின்ற அணுக்கள் ஒரே நேரத்தில் முதிர்ந்து ரத்தத்துக்கு வருகின்றன. அதன் விளைவுதான் நுரையீரலில் நீர். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. விடிய விடிய ஆக்ஸிஜன். காலை ஆறு மணிக்கு, “அக்கா, காபி கிடைக்குமா?” என்றாள்.

ஜூன் 6, செவ்வாய்

எழுத அதிகமில்லை. உதடு வெடித்திருக்கிறது, தலைவலி. பொட்டாசியம் 4க்குக் கீழே போகாமல் பார்க்கிறார்கள். முடி கொட்டவில்லை.

ஜூன் 17, சனி

மஜ்ஜை ரிப்போர்ட். விறகுக்கட்டு அணு ஒன்றும் இல்லை. தட்டணு 1,80,000. நோய் தணிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூலக்கூறு அளவில் பி.எம்.எல்-ஆர்.ஏ.ஆர்.ஏ. இன்னும் மிச்சம் இருக்கலாம். இப்போது அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, அடுத்த கட்ட மருந்து முடிந்த பிறகு பார்ப்பதுதான் கணக்கு என்றார் டாக்டர். இனி நாலு வாரம் ஆர்செனிக், நாலு வாரம் ஓய்வு, அப்படி நாலு சுற்று. ஏறக்குறைய ஏழு மாதம்.

டாக்டர் போன பிறகு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

ஜூன் 21, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும்போது சிறுவர் பிரஷ் ஒன்று வாங்கி வந்தேன், நார் மெத்தென்று இருக்கும். குளியலறைக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் துலக்கினாள். “அக்கா, இங்க வந்து பாரு” என்று கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். வாஷ்பேசின் நிறைய வெள்ளை நுரை. குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பிரஷை எடுத்து வர ஓடினாள்.