‘பேக்கப்’ என்று எழுதி ஒட்டிய டிஸ்க்

மார்ச் 9, ஞாயிறு

மாலையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அப்பாவின் குரல் பதிவுகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். மேலே ஓடும் பச்சைக் கோடு பாதியில் நின்றது. உள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். சில நொடி ஓய்ந்து மறுபடி ‘டிக்’.

உடனே தோழிக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவளுக்குத் தொழில். “முதல்ல கழட்டு. ஓடுதா ஓடுதான்னு திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதே” என்றாள். சுழலும் தகட்டைப் படிக்கும் முனை, தகட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறதாம். அது தடுமாறும் நேரத்தில் விடாமல் ஓடவிட்டால் தகட்டையே உரசிவிடலாம். கழற்றி மேசைமேல் வைத்தேன். அதன் முதுகில் என் கையெழுத்தில் ஒரு லேபிள்: ‘பேக்கப்’.

மார்ச் 10, திங்கள்

இரவெல்லாம் தூக்கமில்லை. அந்த லேபிளில் இருப்பது உண்மையில்லை என்பது விடிவதற்குள் தெளிவாகிவிட்டது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் அந்த 41 பதிவுகளையும் கட் செய்து டிஸ்க்கில் பேஸ்ட் செய்தேன். நான் செய்தது இடமாற்றம். அன்றிலிருந்து அவை உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கின்றன. அப்பா இனி பேசப்போவதில்லை. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

மார்ச் 15, சனி

தோழி வந்தாள். டிஸ்க்கின் சொந்த ஆரோக்கியக் கணக்கான ஸ்மார்ட் எண்களை முதலில் பார்த்தாள். படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள், 212. நல்ல டிஸ்க்கில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண்ணை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஃபைல் ஃபைலாக இழுத்து காப்பி செய்ய அவள் விடவில்லை. டிடி ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுத்தாள். அது முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்புகிறது. எதுவரை வந்தோம் என்று குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் ஒன்றை அவள் அழுத்திச் சொன்னாள்: விடாமல் டிக் டிக் என்று அடிக்கும் டிஸ்க்கிலும், கம்ப்யூட்டரே கண்டுகொள்ளாத டிஸ்க்கிலும் இதை முயலக் கூடாது. அவற்றைத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு மையத்தில் மட்டுமே பிரிக்கலாம்.

இரவு முழுவதும் ஓடட்டும் என்று விட்டிருக்கிறோம்.

மார்ச் 16, ஞாயிறு

41இல் 39 முழுசாக வந்துவிட்டன. ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று 2 நிமிடம் 17 நொடியில் நின்றுவிடுகிறது. “அப்புறம் என்ன ஆச்சுன்னா” என்கிறார் அப்பா. அதோடு சரி. நான்கு முறை கேட்டேன். அப்புறம் என்ன ஆச்சு என்று எனக்கு நினைவில்லை.

மார்ச் 22, சனி

புது ஏற்பாடு. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கைத்தான் பிடித்துக்கொண்டேன்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. போதுமா என்று மனசு கேட்டதால் இன்னொரு டிஸ்க்கும் சேர்த்தேன். அது அக்கா வீட்டில் இருக்கும். வீட்டில் தீயோ திருட்டோ வந்தால் பக்கத்துப் பக்கத்து டிராயரில் இருக்கும் இரண்டும் சேர்ந்தேதான் போகும்.

சுழலும் தகடே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வாங்கலாமா என்று கேட்டேன். தினமும் வேலை செய்ய நல்லது, மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம் என்றாள் தோழி. அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, மெல்ல மெல்லக் கசியும்.

மார்ச் 24, திங்கள்

லேப்டாப்பும் போனும் சிங்க் ஆகும் ஃபோல்டரை நான் இத்தனை நாள் பேக்கப் என்றே நம்பியிருந்தேன். இன்று அதில் ஒரு சோதனை ஃபைலைப் போட்டு, போனில் அழித்தேன். சில நொடியில் லேப்டாப்பிலும் காணோம். தவறு செய்தால் அதையும் சிங்க் விசுவாசமாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது. பழைய பதிப்புகளையும் தேதிவாரியாக வைத்திருப்பதுதான் எனக்கு வேண்டும்.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுவது என்றும் முடிவு செய்தேன். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியபோது, செருகியே இருந்த டிஸ்க்குகளில் உள்ள ஃபைல்களையும் சேர்த்தே அது பூட்டியது.

அக்கா வீட்டு டிஸ்க்குக்கு என்கிரிப்ஷன் போட்டாயிற்று. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். அது தொலைந்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

மார்ச் 31, திங்கள்

இன்று உலக பேக்கப் தினம். 2011இலிருந்து இந்த நாளை அப்படிக் கடைப்பிடிக்கிறார்கள். சரி, பேக்கப்பிலிருந்து ஃபைல்கள் திரும்ப வருகின்றனவா என்று இன்றே ரீஸ்டோர் செய்து பார்ப்போம் என்று ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தேன். கையில் டிஸ்க்கும் பாஸ்வேர்டு தாளும் மட்டும்.

குரல் பதிவுகள் வந்துவிட்டன. அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்த ஃபோல்டரைத் திறந்தேன். பெயர்கள் எல்லாம் இருந்தன. அளவு 0 கேபி, 0 கேபி, 0 கேபி என்று கீழே வரைக்கும்.

காரணம் பிடிபட அரை மணி நேரமானது. இடம் மிச்சமாகட்டும் என்று அந்த ஃபோல்டரை ‘தேவைப்படும்போது மட்டும் இறக்கு’ என்று வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் இருந்தது வெறும் பெயர்தான், உள்ளடக்கம் கிளவுடில். பேக்கப் மென்பொருள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் பச்சை டிக் காட்டியிருக்கிறது. கடிதங்கள் கிளவுடில் பத்திரமாக இருக்கின்றன, எல்லாவற்றையும் முழுசாக இறக்கிவிட்டேன். ஆனாலும் கை நடுங்கியது.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக நேரடித் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அவர்களிடம் பல பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன, தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. படித்தபோது பெரிய நிறுவனத்துச் சமாசாரம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டாவது சோதனை. இந்த முறை பெயரையும் அளவையும் நம்பவில்லை. மூல ஃபைல்களுக்கும் மீட்டவற்றுக்கும் எஸ்.எச்.ஏ.-256 கைரேகை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு எழுத்து வரிசை, எடுத்து ஒப்பிட்டேன். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்து வரிசை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஒன்றுகூட மாறவில்லை.

பழைய டிஸ்க்கிலிருந்து லேபிளை உரித்துவிட்டேன். புதியதில் கடைசியாக ரீஸ்டோர் செய்து பார்த்த தேதியை மட்டும் எழுதி, மாலையில் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் அந்த அறுபட்ட பதிவைக் கேட்க வேண்டும் என்றாள். 2 நிமிடம் 17 நொடியில் குரல் நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியும், அந்தக் கதை எனக்கும் சொல்லியிருக்கார்” என்று மிச்சத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். போனை எடுத்து ரெக்கார்டரை ஆன் செய்தேன்.