முன்னவர்கள் கைவைத்த வண்டி

புஞ்சைப் புளியம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு ஒரு பிக்கப் வண்டி வேண்டும் என்று முடிவானபோது, புதியது எடுக்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லாததால், 2009-இல் பதிவான ஒரு டீசல் வண்டியை மூன்றாவது ஓனராக வாங்கினேன். கம்ப்யூட்டர், சென்சார் என்று எதுவும் இல்லாத பழைய வகை இன்ஜின். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தேன், கடன் நீக்கிய பதிவு இருக்கிறதா என்று பார்த்தேன், எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. என்ற தகுதிச் சான்று காட்ட வேண்டும் என்பதால் அதன் தேதியையும் பார்த்தேன். தொட்டியின் அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டி, எங்கே இரும்பு, எங்கே பட்டியும் பெயின்டும் என்றுகூடக் கண்டுகொண்டேன். முன்னிருந்த இருவரும் அந்த வண்டிக்கு என்னென்ன ரிப்பேர் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கத் தெரியவில்லை. அடுத்த ஒன்றரை வருடத்தில் எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை வண்டி தேய்ந்ததால் வந்தவை அல்ல. யாரோ ஒருவர் அவசரத்துக்குச் செய்து, அப்படியே விட்டுப்போன ஏற்பாடுகளால் வந்தவை.

முதல் பாடம் திம்பம் மலைப்பாதையில் கிடைத்தது. தாளவாடியில் இருக்கும் மாமா வீட்டுக்கு மாட்டுத் தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனேன். பண்ணாரியைத் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த ஏற்றத்தில் ஒன்பதாவது வளைவைக் கடக்கும்போது சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. யானை நடமாடும் காடு. நிற்க விருப்பமில்லை, நிற்காமல் போகவும் வழியில்லை. அகலமான ஓரிடத்தில் ஒதுக்கி, இன்ஜினை உடனே அணைக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, முள் இறங்கும்வரை காத்திருந்தேன். இன்ஜினை அணைத்தால் வாட்டர் பம்பும் ஃபேனும் சேர்ந்து நின்றுவிடும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் தேங்கிய சூடு போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. மூடி பிடித்துவைக்கும் அழுத்தம் ஒரு பார் அளவுக்குக் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும் என்பதும், அந்த நிலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி, ஆவியோடு முகத்தில் அடிக்கும் என்பதும், இதைப் படிக்கும் யாரும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாதவை.

இறங்கி வந்ததும் காட்டிய மெக்கானிக், பானட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்திலேயே, "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்கண்ணா, ஹெட்டை இறக்கோணும்" என்றார். ஹெட்டுக்கும் அதன் கீழிருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். இருக்கலாம். ஆனால் ஹெட்டை இறக்கும் செலவுக்குச் சம்மதிக்கும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரின் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைந்தால் அது வரும். மூடியைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் கல்போல விறைத்தால் அதுவும் அடையாளம். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை படிந்திருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்றும் பார்க்கலாம். என் வண்டியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

அதனால் சத்தியமங்கலத்தில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடும் முன் இன்ஜினைச் சூடேற்றி அணைக்கச் சொல்லி, ரேடியேட்டரின் முகப்பைக் கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். மேற்பகுதி சுட்டது, கீழே ஒரு பக்கம் முழுக்க வெதுவெதுப்புக்கூட இல்லை. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை என்று பொருள். பிறகு மேல் ஹோஸ் வந்து சேரும் உறையைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இதுல தெர்மோஸ்டாட்டையே காணமுங்களே?" என்றார்.

நடந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதைக் கெட்டில் வைத்திருக்கும் எந்த வீட்டுப் பெண்மணியும் சொல்லுவார். முன்னிருந்த ஓனர் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவம் வாங்கும் காசை மிச்சப்படுத்தி, வருடக்கணக்காக அந்தத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். சிறுவாணித் தண்ணீர் வரும் ஊராக இருந்திருந்தால் இன்னும் சில வருடங்கள் தப்பித்திருப்பார். உப்பு குழாய்களில் படிந்து அடைத்ததும் வண்டி சூடாகியிருக்கிறது. சூட்டைக் குறைக்கிறேன் என்று ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். சமவெளியில் சுமையில்லாமல் ஓடியவரை அது போதுமானதாகத் தெரிந்திருக்கும். தெர்மோஸ்டாட் என்பது சுமார் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் ஒரு வால்வு. என் இன்ஜினில் அது முழுக்கத் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே தண்ணீரைச் சுற்றவைக்கும் பைபாஸ் வழியை அதன் அடித்தட்டு மூடிவிடும். வால்வே இல்லாவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஏற்றத்தில், சூடு அதிகம் வெளியேற வேண்டிய நேரத்திலேயே, தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவிடும். சமவெளியிலோ இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது. டீசல் முழுக்க எரியாமல் ஆயிலில் கலந்து, மைலேஜும் குறையும், தேய்மானமும் கூடும். சூடு ஏறக்கூடாது என்று செய்த வேலை, மலையில் சூட்டையும் தரையில் குளிரையும் கொடுத்துக்கொண்டிருந்தது.

ரேடியேட்டர் பித்தளை வகையாக இருந்தது என் அதிர்ஷ்டம். கோவையில் ஒரு கடையில் மேல் டேங்கைப் பற்றவைப்பிலிருந்து பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் ராடு விட்டு உப்பைத் தள்ளி, மறுபடி ஈயம் வைத்து மூடிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை நடக்காது. புதிய தெர்மோஸ்டாட், புதிய மூடி, பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் போட்ட பிறகு, அதே தீவனச் சுமையோடு திம்பம் ஏறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

ஏறுவது சரியானதும் இறங்குவது பற்றிக் கவலை வந்தது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் உள்ளே காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் ஏதோ இருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். 27 வளைவுகளிலும் பெடலை மிதித்துக்கொண்டே இறங்கினால் வீல் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதியது விட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது என்று வைத்திருக்கிறேன். மலை இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவதை எங்கள் அப்பாரு ஜீப் ஓட்டிய காலத்திலேயே சொல்லிக் கொடுத்தார்; அதை மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மார்கழியில் இன்னொரு தொல்லை. இரவு நன்றாக நின்ற வண்டி, காலையில் பத்து முறை செல்ஃப் அடித்தாலும் எடுக்காது. ஃபில்டர் பக்கத்திலிருக்கும் கைப்பம்பை அழுத்தி ஏர் எடுத்தால் உடனே எடுக்கும். எங்கோ காற்று பிடிக்கிறது என்பது தெரிந்தாலும், கீழே படுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. ஒழுகாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. டேங்கிலிருந்து, டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்றுதான் உள்ளே போகும், இரவில் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி ஓடவிட்டபோது குமிழிகள் வரிசையாக வந்தன. அங்கிருந்து டேங்கை நோக்கித் தேடிப்போனால், சேசிஸ் மேல், கண்ணுக்கு எட்டாத இடத்தில், தோட்டத்து மருந்தடிக்கும் பம்பின் ஹோஸ் துண்டு ஒன்று கட்டுக்கம்பியால் முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. டீசல் ஹோஸும் இரண்டு கிளாம்பும் வாங்க 200 ரூபாய்கூட ஆகவில்லை.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இருந்தது என்று சொன்னால் மிச்சம் விளங்கும். ஒன்றே ஒன்று: செல்ஃப் மந்தமாகச் சுற்றுவதைப் பார்த்துப் புது பேட்டரி வாங்கப் போகிறவர்கள், முதலில் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் பெரும்பாலும் எர்த் கேபிளில் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. துருவைச் சுரண்டி இறுக்கியதோடு முடிந்தது.

ஸ்பீடோமீட்டர் கேபிள் எப்போதோ அறுந்து, கிலோமீட்டர் கணக்கு நம்ப முடியாததாக இருந்ததால், நான் நடைக் கணக்கில்தான் நோட்டு எழுதுகிறேன்: எத்தனை லோடு நடை, எந்தத் தேதி, என்ன மாற்றினேன் என்று. நேற்று அதில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்குப் போடும்போது கீழே 'டங்' என்று ஒரு சத்தம் வருகிறது. படுத்துப் பார்த்தேன், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் பின்பக்க ஜாயின்ட் கிராஸில், கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்க வேண்டிய துளையில் யாரோ ஒரு போல்ட்டை முடுக்கி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன்.