சுமத்திராவுக்கு மேற்கே ஒரு தீவு

எங்கள் கல்லூரி மண்டபத்தில் படம் போடுகிறார்கள் என்றால் விடுதி மாணவர்களுக்கு அன்று இரவுப் படிப்பு இல்லை. எழுபதுகளின் தொடக்கம். மேடையில் வெள்ளைத்துணி கட்டி, மண்டபத்து நடுவில் மேசை போட்டு, அதன் மேல் 16 மி.மீ. புரொஜெக்டரை வைப்பார்கள். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கு எரியும். அந்த இடைவெளியில்தான் கச்சான் சரைகள் கைமாறும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அப்படி ஒரு சனிக்கிழமை இரவு பார்த்ததுதான் ‘கிங் கொங்’. 1933இல் வந்த அதே கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தீவில் ராட்சதக் குரங்கொன்றைப் பிடித்து நியூயோர்க்குக்குக் கொண்டுபோகிற கதை.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இப்போதும் பனிமூட்டத்துக்குள் அந்தக் கப்பல் ஊர்ந்து போகிற இடம் வந்தால் நிமிர்ந்து உட்காருகிறேன். தூரத்தில் ஏதோ சத்தம் கேட்கும். கரையில் அலை உடைகிறதாக்கும் என்று நினைப்பார்கள். அலை இல்லை, முரசு. மாக்ஸ் ஸ்ரைனரின் இசையும் அந்த முரசோடு சேர்ந்தே எழும்பும். படங்கள் பேசத் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்த காலம். ஒரு படம் முழுவதற்கும் இப்படிப் பெரிய வாத்தியக் குழுவை வைத்துத் தனி இசை அமைப்பது அப்போது புதுசு. அன்று இரவு நாங்கள் வாங்குகளில் தாளம் போட்டோம். விடுதிப் பொறுப்பாசிரியர் கூட எங்களை அதட்டவில்லை.

கொங்கை எப்படிச் செய்தார்கள் என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. மார்செல் டெல்காடோ செய்த, ஒன்றரை, இரண்டு அடி உயரமே உள்ள பொம்மைகள். உள்ளே உலோக மூட்டுகள், மேலே முயல் தோல். படத்தின் தந்திரக் காட்சிகளைச் செய்த வில்லிஸ் ஓ பிரையனும் அவருடைய ஆட்களும் பொம்மையைக் கொஞ்சம் அசைப்பார்கள், ஒரு படம் எடுப்பார்கள், மறுபடி அசைப்பார்கள். ஒரு நொடிக்கு 24 தடவை. ஒவ்வொரு முறை தொடும்போதும் விரல் பட்ட மயிர் கலைந்துவிடும். அதனால் திரையில் கொங்கின் உடம்பு மயிர் எந்நேரமும் காற்றடித்த புல்லுப்போல அலைந்துகொண்டே இருக்கும். தொழில்முறையில் அது பிழைதான். எனக்கோ அங்கேதான் அந்த மிருகத்துக்கு உயிர் இருக்கிறது. தொண்ணூறு வருடத்துக்கு முந்திய மனிதர்களின் கைரேகை அது.

சரி, அந்தத் தீவுக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை எங்கள் பூகோள மாஸ்டர் வகுப்புக்கு வந்ததும் உலகப் படத்தை விரித்தார். ‘கிங் கொங்’ படத்தில் தீவு எங்கே இருக்கிறதென்று சொன்னார்கள், யாருக்காவது ஞாபகமா என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் இல்லை. அவர் குறித்து வைத்திருந்தார்: தெற்கு 2 பாகை, கிழக்கு 90 பாகை. கம்பை அங்கே வைத்தார். சுமத்திராவுக்கு மேற்கே, எங்கள் இலங்கைக்குத் தென்கிழக்கே, நடுக்கடல். ‘இது எங்கட சமுத்திரம்’ என்றார். தீவாரின் பேச்சு நியாஸ் தீவு மொழி மாதிரி இருக்கிறதென்று கப்பல் கப்டன் சொல்லுவார். நியாஸ் உண்மையாகவே இருக்கிற தீவு. பெரிய மரவீடுகளுக்கும், ஆள் உயரக் கல்லை ஓடிவந்து தாண்டுகிற இளைஞர்களுக்கும் பேர்போனது. ஆசியச் சனங்கள். ‘அப்ப ஏன் அவையளை ஆபிரிக்கா ஆக்களாகக் காட்டினவங்கள்?’ என்று மாஸ்டர் கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: ‘எடுத்தவைக்கு ரண்டும் ஒண்டுதான்.’

அந்தக் கேள்வி அப்போது எனக்குள் இறங்கவில்லை. அதே கிழமை கிணற்றடியில் நாங்கள் கொங் விளையாட்டு விளையாடினோம். யார் கப்பலில் போவது, யார் தீவார் என்று பிரித்தபோது ஒருவரும் யோசிக்கவே இல்லை. எங்களில் நல்ல கறுப்பு நிறமான பெடியன் ஒருவனைத் தீவின் தலைவன் ஆக்கினோம். அந்தத் தவணை முழுக்க அவன்தான் தலைவன். அவனைக் கை காட்டியவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

படத்தில் அந்தத் தலைவனாக நடித்தவர் நோபிள் ஜோன்சன், அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1916இலேயே தம்பியோடு சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கொம்பனியைத் தொடங்கியவர். கறுப்பின மக்கள் தங்களுக்காகத் தாங்களே படம் எடுத்த முதல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட மனிதருக்கு ஹொலிவூட் கொடுத்தது இறகுத் தலைப்பாகையும் நாலு சொற்களும். கப்பலின் சீனச் சமையற்காரனாக வருகிற விக்டர் வொங்குக்கு உடைந்த ஆங்கிலம். தீவார் கப்பலுக்கு வந்துபோன தடயத்தைக் கண்டு கூப்பாடு போட்டு எல்லாரையும் எழுப்புகிறவன் அவன்தான். அதை யாரும் பிறகு நினைப்பதே இல்லை.

அந்தக் காலத்துச் சாகசப் படங்கள் பலவற்றிலும் இது உண்டு. 1932இல் வந்த டார்சான் படத்தில், ஆபிரிக்க யானைக்காக எங்கள் பக்கத்து யானைக்குப் பெரிய காது ஒட்டியிருப்பார்கள். மனிதர்களுக்கும் அதே மாதிரி கறுப்பு மை பூசினார்கள்.

கனடாவுக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் ‘கிங் கொங்’கை முழுதாகப் பார்த்தேன். 1938இல் மறுபடி வெளியிட்டபோது தணிக்கைக்காகச் சில காட்சிகளை வெட்டியிருக்கிறார்கள். பிறகு அவை கண்டெடுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டன. எங்கள் மண்டபத்துக்கு வந்தது வெட்டின பிரதி. அதில் கொங், காட்டு மிருகங்கள் வராமல் ஊரைக் காக்கிற பெரிய மதிலின் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும், சனங்கள் ஓடுவார்கள், அவ்வளவுதான். முழுப் பிரதியில் கொங் அவர்களைச் சேற்றுக்குள் போட்டு மிதிக்கிறது, வாயில் வைத்துக் கடிக்கிறது. அதற்குச் சற்று முன்னர்தான் கப்பல்காரரும் தீவாரும் ஒன்றாகத் தோள் கொடுத்து அந்தக் கதவைத் தள்ளிப் பிடித்திருப்பார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே வேலை செய்கிற இடம் படத்தில் அது. கொங் மயங்கி விழுந்ததும் அடுத்த காட்சி நியூயோர்க். அந்த ஊருக்கு என்ன நடந்தது? படம் முடியும்வரை ஒரு வார்த்தை இல்லை.

போன மார்கழியில் பேத்தியோடு பார்த்தேன். பத்து வயது. நியூயோர்க்கில் திரை விலகுகிற இடத்தில் ‘அம்மப்பா, நிப்பாட்டுங்கோ’ என்றாள். ‘கதவு உடைஞ்சு போச்சே, மற்ற மிருகங்கள் எல்லாம் இப்ப ஊருக்குள்ள வருமே?’ ஐம்பது வருடமாக இந்தப் படத்தை நேசித்தவன் நான், எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்ததே இல்லை. சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மிச்சத்தைப் போடச் சொன்னாள். கட்டிடத்தின் உச்சியில் விமானங்கள் சுடச்சுட, கொங் தன் நெஞ்சில் இரத்தத்தைத் தொட்டுப் பார்க்கிற இடத்தில் இருவருமே அழுதோம்.

மறுநாள் சிட்னியில் இருக்கும் எங்கள் பழைய தலைவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். கிணற்றடிக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். ‘நான் ஒருநாளும் கப்பலில ஏறினதில்லையடா’ என்றான். பிறகு அவனே பேச்சை மாற்றி, முரசு வருகிற இடத்தைத் தொலைபேசியிலேயே மேசையில் தட்டிக் காட்டினான். ஒரு அடி பிசகவில்லை.

வருகிற கோடையில் எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அவன் ரொறன்ரோ வருகிறான். சனிக்கிழமை இரவு மண்டபத்தில் படம் போடுகிற பொறுப்பைச் சங்கம் எனக்குத் தந்திருக்கிறது. என்ன படம் என்று அவனுக்குச் சொன்னேன்.

‘வெட்டாததோ?’ என்று கேட்டான்.

‘வெட்டாதது’ என்றேன்.

‘அப்ப வாறன்.’