கருப்பு நிறத்தைக் காட்ட முடியாத கண்ணாடி

சென்ற கோடையில், சோதித்துப் பார்ப்பதற்காக அலுவலகத்தில் தந்த ஏ.ஆர். கண்ணாடி (எதிரே உள்ள காட்சியின்மேல் எழுத்தையும் படத்தையும் காட்டும் மூக்குக்கண்ணாடி) ஒன்றை அணிந்துகொண்டு நண்பகல் வெயிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அறைக்குள் பளிச்சென்று தெரிந்த எழுத்துகள் கடைசிப் படியைத் தாண்டியதும் அறவே காணாமல் போயின. கருவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து என் கருநீலச் சட்டையைப் பார்த்தபோது எழுத்துகள் அத்தனையும் அதன்மேல் அப்படியே இருந்தன. நிமிர்ந்து சிமெண்ட் தரையைப் பார்த்தால் மறைந்தன.

இதற்குக் காரணம் மிக எளியது. கைப்பேசித் திரை தனக்குப் பின்னால் இருப்பதை மறைத்துவிடுகிறது, ஏ.ஆர். கண்ணாடியோ வெளியுலகிலிருந்து வரும் ஒளியின்மேல் தன் ஒளியைக் கூட்ட மட்டுமே வல்லது, அதிலிருந்து எதையும் கழிக்க அதனால் இயலாது. ஆகவே அதில் கருப்பு என்று ஒரு நிறமே கிடையாது. நாம் கருப்பாக வரைவதெல்லாம் பார்ப்பவருக்கு வெற்றிடமாகவே தெரியும். முழு வெயிலில் ஒளியூட்டம், அதாவது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளி, ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதில் முப்பது விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சிமெண்ட் தரையின் ஒளிர்வு, அதாவது அதிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளி, சுமார் 10,000 நிட் ஆகிறது. கண்ணாடி தரும் எழுத்தின் ஒளிர்வு 500 நிட் என்றால், எழுத்துள்ள இடத்தில் 10,500, இல்லாத இடத்தில் 10,000. இந்த ஐந்து விழுக்காட்டு வேறுபாட்டைக் கொண்டு வெயிலில் கூசி நிற்கும் கண் எதையும் படித்துவிட முடியாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எழுத்தின் ஒளியைக் கூட்டிக்கொண்டே போவது ஒன்று: 2025-இல் வெளிவந்த மெட்டாவின் ரேபான் டிஸ்ப்ளே கண்ணாடி 5,000 நிட் வரை செல்கிறது. மற்றொன்று, ஒளியைத் தேவைக்கேற்பத் தடுக்கும் ஓர் அடுக்கை, படத்தைக் கண்ணுக்குக் கொண்டுவரும் ஒளியியல் பகுதிக்கு வெளிப்புறமாக வைத்து, உலகத்தின் ஒளியை மட்டும் குறைப்பது. மேற்சொன்ன கணக்கில் அந்த அடுக்கு ஐந்து விழுக்காட்டு ஒளியை மட்டும் உள்ளே விட்டால் தரையின் ஒளிர்வு 500 நிட்டாகக் குறையும். எழுத்து அதைவிட இரு மடங்கு ஒளிரும். இதே பலனைப் படத்தின் ஒளியைக் கூட்டியே அடைய வேண்டுமானால் 10,000 நிட் தேவைப்படும், அதற்குரிய மின்சாரத்தையும் வெப்பத்தையும் காதோரத்தில் சுமக்க வேண்டியிருக்கும். மெட்டாவும் வெறும் ஒளியை நம்பிவிடவில்லை; வெயிலில் தானே கருக்கும் வில்லைகளையும் சேர்த்தே தருகிறது.

அந்த வகை வில்லை நமக்குப் பழகியதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் போட்டோகுரோமிக் என்று கேட்டு வாங்குகிறோம். 1960-களில் கார்னிங் நிறுவனத்தில் உருவான இதற்கு மின்சாரம் வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் கருக்கும். ஆனால் காரின் முன்கண்ணாடி புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் உள்ளே இருப்பவருக்கு அது பெரிதாக உதவாது. வெப்பம் மிகுந்தால் வில்லை தெளிநிலைக்குத் திரும்பும் வினை விரைவாகிவிடும் என்பதால், கருப்பு மிகவும் தேவைப்படும் சித்திரை வெயிலில் அது குளிர்நாட்டில் கருக்கும் அளவுக்குக் கருப்பதும் இல்லை.

மின்னூட்டத்தால் நிறம் மாறும் எலக்ட்ரோகுரோமிக் படலம் அடுத்தது. டங்ஸ்டன் ஆக்சைடுப் படலத்தில் இந்த விளைவைச் சத்யேன் தேப் 1969-இல் வெளியிட்டார். போயிங் 787 விமானத்தின் சன்னல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. 2023-இல் வந்த எக்ஸ்ரியல் ஏர் 2 புரோ கண்ணாடியும் இதைக் கொண்டே மூன்று நிலைகளில் கருக்கிறது. குறைந்த மின்சாரமே போதும் என்றாலும் வேகம் போதாது. வேகம்தான் முதன்மை என்றால் எல்.சி.டி. திரைகளில் உள்ள திரவப் படிகத்துக்குத்தான் போக வேண்டும். அதன் திறமையை வெல்டிங் பட்டறையில் பார்க்கலாம்: 1981-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஸ்பீட்கிளாஸ் தொடங்கி, தானே கருக்கும் முகமூடிகள் பொறி கிளம்பியதும் கண்ணுக்குக் கூச்சம் தட்டும் முன்பே இருண்டுவிடுகின்றன. ஏ.ஆர். துறையினர் புதுமை என்று பேசும் இந்தத் தகவமைவு, பற்றவைப்பவர்களின் முகத்தில் நாற்பது ஆண்டுகளாக இருந்துவருகிறது.

ஆயினும் பற்றவைப்பவருக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. வழக்கமான திரவப் படிக அடுக்குக்குத் தளவிளைவாக்கிகள், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிகள், தேவை. அவை தெளிந்த நிலையிலேயே பாதிக்கு மேற்பட்ட ஒளியைத் தடுத்துவிடும். 2022-இல் வெளிவந்த மேஜிக் லீப் 2 என்ற ஏ.ஆர். கண்ணாடி வெளியொளியை 0.3 விழுக்காடாகக் குறைக்கும் என்பதைப் பலரும் வியந்து எழுதினார்கள். மிகத் தெளிந்த நிலையிலும் அது உள்ளே விடுவது 22 விழுக்காடுதான் என்பது என் கண்ணில் அதைவிடப் பெரிய செய்தி: அதாவது, எதையும் கருக்காதபோதும் அது நடுத்தரக் கருமையுள்ள கூலிங் கிளாஸுக்குச் சமம். மாலையில் அதை அணிந்து எதிரே இருப்பவரோடு பேசிப் பார்த்தால் குறை விளங்கும். எனவே இத்தகைய அடுக்குகளை, எவ்வளவு கருக்கின்றன என்பதைவிட, எவ்வளவு தெளிகின்றன என்பதை வைத்தே நான் மதிப்பிடுகிறேன். சாயத்தைத் திரவப் படிகத்தோடு கலந்து தளவிளைவாக்கியைத் தவிர்க்கும் முறை இந்த அளவுகோலில் முந்துகிறது. அத்தனை ஆழமாக அது கருக்காது என்பதை நான் குறையாகவே எண்ணவில்லை.

வில்லை முழுவதையும் கருக்காமல், எழுத்துக்குப் பின்னால் மட்டும் கருமையாக்கினால் என்ன என்று கேட்கலாம். மேஜிக் லீப் 2 அதையும் செய்கிறது. ஆனால் அந்த நிழலின் ஓரம் மங்கிப் பரந்தே இருக்கும். கண்ணுக்கு 20 மில்லிமீட்டர் முன்னால் உள்ள ஒரு புள்ளியை 4 மில்லிமீட்டர் அகலக் கண்பாவை வழியே பார்க்கும்போது அதன் நிழல் ஏறத்தாழ 11 பாகை பரவுகிறது. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் பார்வையில் அது அடைக்கும் இடம் பத்துப் பாகை என்பதை எண்ணினால், ஒரு சொல்லின் அளவுக்கு நிழல் வெட்டுவது ஏன் நடவாது என்பது புரியும். கூர்மையான நிழல் வேண்டுமென்றால் வெளிக்காட்சியை முதலில் வில்லைகளால் குவித்து, குவியும் தளத்தில் மறைப்பானை வைக்க வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் கியோஷி கியோகாவா எல்மோ என்ற கருவியில் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டினார். மூக்கின்மேல் நிற்கும் அளவில் அது இல்லை.

எவ்வளவு கருப்பது என்பதைப் போலவே எப்போது கருப்பது என்பதும் எளிதன்று. மரநிழல் விழுந்த தெருவில் நடக்கும்போது ஒளி நொடிக்கு ஒருமுறை மாறும். ஒளியை அளக்கும் உணரி ஒவ்வொரு மாற்றத்துக்கும் அசைந்தால் உலகமே சிமிட்டுவதுபோல் தோன்றும். ஆகையால் விரைவாக இருண்டு மெதுவாகத் தெளியுமாறு அமைக்கும் பழக்கம் வந்தது. பின்னர், தானே கருக்கும் இன்னொரு கண்ணாடியோடு மாடியிலிருந்து இறங்கியபோது அந்தப் பழக்கத்தின் விலை எனக்குத் தெரிந்தது: இருண்ட படிக்கட்டில் வெயிலுக்கான கருமையோடு நின்று, சுவரைத் தடவி அடுத்த படியைத் தேடினேன். அன்றிலிருந்து எந்தச் சோதனைக் கண்ணாடி வந்தாலும், வெயிலில் எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, கையில் கடிகாரத்தோடு அந்தப் படிக்கட்டில் ஒருமுறை இறங்கிவிடுகிறேன்.