பழைய ரோபோ கை: வீட்டில் திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

திருகோணமலைக் கடற்காற்று இணைப்பிகளைத்தான் முதலில் தின்னும். பச்சை பூத்த ஊசிகளை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்பே மின் கொடுங்கள்.

ஜப்பானிய ரோபோ நிறுவனமான பனக்கின் (Fanuc) மாதிரிகள் பலவற்றின் அடிப்பகுதியில் 1.5 வோல்ற் டி அளவுப் பற்றரிகள் 4 இருக்கும். அவசர நிறுத்தத்தை அழுத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின் இருக்கும்போதே அவற்றை மாற்றுங்கள். மின்னை நிறுத்திவிட்டுக் கழற்றினால், மூட்டின் கோணத்தை அளக்கும் என்கோடரின் நிலைப்பதிவு அழியும். மூட்டு ஒவ்வொன்றையும் பூச்சியக் குறிக்குக் கொண்டுவந்து மறுபடி பதிய வேண்டிவரும். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

கிறீஸ் ஏற்றுமுன் வெளியேறும் துளையின் மூடியைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கூடி ஒயில் சீல் பிதுங்கும், கிறீஸ் மோட்டருக்குள் இறங்கும். கைப்பம்பால் மெதுவாக, புதிய கிறீஸின் நிறம் தெரியும்வரை.

பிரேக்கை விடுவிக்கும் முன் கையைச் சங்கிலிப் புளொக்கில் தாங்கவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் மூட்டுகள் தம் பாரத்திலேயே விழக்கூடியவை.