ஆடிக்காற்றும் ஒரு மிக்-21ம்

கோவையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரிக்கு விமானப்படை கழித்துவிட்ட மிக்-21 போர் விமானம் ஒன்று கிடைத்தது. அதை வாசலில் கம்பத்தின் மேல் நிறுத்த வேண்டும் என்று, விமான உடற்பகுதியைப் பழுது பார்க்கும் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டார்கள். டைப் 77 ரகம். 1971 டிசம்பர் போரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியது இந்த ரகம்தான். 2013 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் கலைகுண்டா விமானப்படைத் தளத்தில் இதற்கு விடை கொடுத்தார்கள். என் கையால் ரிவெட் அடித்துப் பழகிய தகடு, அதனால் மறு பேச்சில்லாமல் போனேன்.

இறக்கை தனி, உடல் தனியாக டிரெய்லரில் வந்து இறங்கியது. இறக்கை பூட்டினால் குறுக்களவு 7 மீட்டருக்கு மேல் வரும், சாலையில் கொண்டுவர முடியாது. முதல் வேலையாக விமானி இருக்கையைப் பார்த்தேன். ஆளை வெளியே வீசும் வெடிமருந்துக் குப்பிகளை எடுத்துவிட்டோம் என்று காகிதம் வந்திருந்தது. ஆனாலும் விளக்கு அடித்து என் கண்ணால் பார்த்த பிறகுதான் மாணவர்களைக் காக்பிட் பக்கம் விட்டேன். இதில் யார் சொல்லையும் நம்பக்கூடாது.

அடுத்தது பழைய பெயின்ட். மணல் பீய்ச்சி ஒரே நாளில் உரித்துத் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் வந்தார். வேண்டாம் என்றேன். மெல்லிய அலுமினியத் தகடு அதில் நெளிந்துவிடும். ரசாயனம் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் கையாலேயே உரித்தோம். ஆறு வாரம் பிடித்தது. இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருந்தது. ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டேன், விபூதி மாதிரி வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அலுமினியம் பூத்துப் போயிருந்தது. உள்ளே ஒரு இரும்புத் திருகு. இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்க, இடையில் ஈரம் நின்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அந்த இடத்தை வெட்டி எடுத்து, அதே ரகத் தகட்டில் ஒட்டுப் போட்டு ரிவெட் அடித்தோம். கம்பத்தோடு சேரும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு உலோகமும் தொடாதபடி நைலான் வாஷரும், புஷ் எனும் உறையும் கொடுத்தது இதனால்தான்.

மூக்கை 25 டிகிரி தூக்கி, சீறிப் பாய்வது போல வைக்க வேண்டும் என்பது கல்லூரியின் ஆசை. பார்க்க அழகுதான். ஆனால் எஞ்சின் இல்லாவிட்டாலும் இறக்கை இறக்கைதான். மூக்கு எவ்வளவு நிமிர்கிறதோ அவ்வளவுக்குக் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். கட்டுமானங்கள் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-ன்படி கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர் காற்று வேகம் வைத்துக் கணக்குப் போட வேண்டும். போதாததற்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், பறப்பதற்கென்றே செய்த பொருளை நிறுத்துகிறோம். கட்டுமானப் பொறியாளர் கணக்கை விரித்துக் காட்டிய பிறகு 10 டிகிரிக்கு ஒப்புக்கொண்டார்கள். வாலிலுள்ள கிடைத்தட்டு முழுதாகத் திரும்பக்கூடியது. அதையும் சுக்கானையும் அசையாதபடி உள்ளிருந்து போல்ட் போட்டுப் பூட்டினோம்.

கிரேன் வந்த அன்று நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். பழைய கையேட்டில் இருந்த எடை மையத்தை வைத்து பெல்ட் கட்டச் சொல்லிவிட்டேன். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியதும் மூக்கு சாய்ந்தது. "மூக்குப் பக்கம் இழுக்குதுங்க சார், இறக்கிடலாமுங்க" என்றார் கிரேன் ஓட்டுநர். உடனே இறக்கினோம். பின்பாதியில் இருந்த ஒரு டன்னுக்கு மேற்பட்ட எஞ்சினை எடுத்த பிறகு மையம் முன்னால் நகர்ந்திருக்கும். எத்தனையோ முறை எஞ்சின் கழற்றியவன் நான், எனக்கே அன்று அது தோன்றவில்லை. மூன்று சக்கரத்தின் கீழும் எடை பார்த்து, மையத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தோம். கம்பத் தலையில் இருந்த தாங்கியையும் அதற்கேற்ப மாற்றி வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி தூக்கியபோது தட்டு மாதிரி நேராக எழும்பியது.

பெயின்ட் வேலையை வெளியே கொடுத்திருந்தோம். கோட் அழகாக விழுந்திருந்தது. ஆனால் உடலின் அடியில் நீர் வடிய நான் போட்ட துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். முதல் மழைக்குப் பிறகு வால் அடியில் தட்டிப் பார்த்தேன், சத்தம் கனமாக வந்தது. துளையைத் திறந்ததும் இரண்டு வாளிக்கு மேல் தண்ணீர் கொட்டியது. யாரிடம் பெயின்ட் வேலை கொடுத்தாலும், முடிந்ததும் ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பாருங்கள். முன் வாய்க்கும் பின் குழாய்க்கும் வலை போடுங்கள். இல்லையென்றால் மைனா கூடு கட்டும், அந்தக் குப்பை துளையை அடைக்கும்.

தாங்கியில் இருபது போல்ட்கள். இறுக்கியதும் ஒவ்வொன்றிலும் நட்டையும் தாங்கியையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டேன். நட்டு இளகினால் கோடு முறியும். ஆடி முடிந்ததும் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு பத்தொன்பது கோடுகள் நேராக இருந்தன. வால் பக்கம் ஒன்று மட்டும் மயிரிழை விலகியிருந்தது. பழையதைத் துடைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கி, புதுக் கோடு போட்டுவிட்டு இறங்கினேன்.